பெட்டியில் வந்த சைக்கிளும் பட்டறை ஜோக்குகளும்

கேள்வி இதுதான். இணையத்தில் வாங்கிய கியர் சைக்கிள் அட்டைப் பெட்டியில் வந்து இறங்கியிருக்கிறது. "85 சதவீதம் பூட்டியது" என்று மேலே ஒட்டியிருக்கிறார்கள். முன் சக்கரம், ஹேண்டில்பார், சீட், பெடல் எல்லாம் தனித்தனியாகக் கிடக்கின்றன. வீட்டில் இருப்பது ஒரு சுத்தியல், ஒரு ஸ்க்ரூ ஸ்பானர், ஒரு கட்டிங் பிளேயர். பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் கேட்டால், "முதல்ல அந்தச் சுத்தியலை ஒளிச்சு வை" என்று சிரிக்கிறார். நாமே பூட்டிவிடலாமா?

தாராளமாகப் பூட்டலாம். செயின், கியர், பின் சக்கரம், பின் பிரேக் எல்லாம் மாட்டியே வரும். மிச்ச வேலைக்கு ஒரு மாலைப் பொழுது போதும், அவசரப்படாமல் இருந்தால். நண்பர் சிரித்தாலும் அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. புதுச் சைக்கிள் பூட்டும்போது கெட்டுப்போவதில் பெரும்பகுதி, அளவுக்கு மேல் பலம் கொடுத்ததால் கெட்டதுதான். பட்டறைகளில் கருவிகளைப் பற்றிச் சொல்லும் ஜோக்குகள் எல்லாம் இதைச் சுற்றியே வரும். அதனால் வேலையைச் சொல்லும்போதே அந்த ஜோக்குகளையும் இடையிடையே சொல்லிக்கொண்டு போகிறேன். அவை நன்றாக நினைவில் நிற்கும்.

முதல் ஜோக்: "ஸ்க்ரூ ஸ்பானர் எந்த நட்டுக்கும் பொருந்தும், ஒரே ஒரு தடவை." அதன் தாடை எவ்வளவு இறுக்கினாலும் கொஞ்சம் ஆடும். ஆடுகிற தாடை நட்டின் பட்டையைப் பிடிக்காமல் முனையைப் பிடிக்கும். முனை மழுங்கிவிட்டால் அடுத்த முறை சரியான ஸ்பானரும் அதில் நிற்காது. கட்டிங் பிளேயர் இன்னும் மோசம். ஆறு பட்டை நட்டைக் கொடுத்தால் உருண்டையாக்கித் திருப்பித் தரும். பெட்டியில் வரும் நைலான் டேக்குகளை வெட்டுவதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்க வேண்டியது அதிகமில்லை. 4, 5, 6 மி.மீ. எல்-கீ, மெல்லிய 15 மி.மீ. ஸ்பானர், நல்ல ஸ்டார் திருப்புளி ஒன்று, ஒரு சின்ன டப்பா கிரீஸ், காற்றுப் பம்பு. எல்-கீயைத்தான் ஆலன் கீ என்கிறோம். அமெரிக்காவின் வில்லியம் ஆலன் 1910-ல் காப்புரிமை வாங்கிய திருகுகளிலிருந்து வந்த பெயர் அது. வாங்கும்போது மி.மீ. செட்டா என்று பாருங்கள். அங்குல செட்டில் உள்ள 3/16 கீயின் அளவு 4.76 மி.மீ. அது 5 மி.மீ. குழிக்குள் சுலபமாக நுழைந்துவிடும், பிடிப்பது போலவும் இருக்கும். அழுத்தித் திருப்பியதும் குழியின் ஆறு மூலையும் வழித்துக்கொண்டு போய்விடும். அப்புறம் அந்த போல்ட்டைக் கழற்றுவதே ஒரு தனி வேலையாகிவிடும். கீயைக் குழியின் அடிவரை செலுத்திவிட்டுத் திருப்புங்கள், பாதி நுழைந்த நிலையில் வேண்டாம்.

பெட்டியைத் திறந்ததும் எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் போட்டோ எடுத்து வையுங்கள். ஃபிரேமில் பள்ளம், ரிம்மில் கோணல், பின் கியரைத் தாங்கும் கொக்கியில் வளைவு இருந்தால், பூட்டுவதற்கு முன்பே தெரிந்தால்தான் திருப்பி அனுப்புவதற்கு வழி இருக்கும். பெட்டியையும் அதுவரை கிழிக்க வேண்டாம். போல்ட், பெடல், ரிஃப்ளெக்டர் எல்லாம் ஒரு சின்ன அட்டைப் பெட்டியில் ஏதாவது மூலையில் செருகியிருக்கும், தேடி எடுங்கள்.

அடுத்து ஃபோர்க், அதாவது முன் சக்கரத்தை இரண்டு காலால் கவ்வித் தாங்கும் கவை. நிறையப் பேர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். இடம் மிச்சம் பிடிக்கத் தொழிற்சாலையில் ஃபோர்க்கைப் பின்பக்கம் திருப்பி வைத்துப் பெட்டியை மூடுவது வழக்கம். அதைக் கவனிக்காமல் அப்படியே சக்கரத்தை மாட்டி, ஹேண்டிலை நேராக்கி, தெருவில் ஓட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சக்கரம் ஃபிரேமுக்குப் பக்கத்தில் வந்துவிடுவதால் திரும்பும்போது பாதம் சக்கரத்தில் இடிக்கும், ஓட்டமும் நிலையில்லாமல் ஆடும். கண்டுபிடிப்பது சுலபம். டிஸ்க் பிரேக் சைக்கிளாக இருந்தால், சீட்டில் உட்கார்ந்தவருக்கு டிஸ்க் தகடு இடது பக்கம் இருக்க வேண்டும். கட்டை வைத்த ரிம் பிரேக்காக இருந்தால், பிரேக் கைகள் ஃபோர்க்கின் முன்பக்கம் இருக்க வேண்டும். எந்த வகையாக இருந்தாலும், அச்சு உட்காரும் இடம் ஃபோர்க்கின் மேல் தண்டுக்கு நேர்க்கீழே இல்லாமல் சற்று முன்னால் தள்ளியே இருக்கும். திருப்பும்போது பிரேக் கேபிளும் கியர் கேபிளும் ஒன்றை ஒன்று சுற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பினாலும் எந்தக் கேபிளும் இழுபடக் கூடாது.

ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் பாகத்துக்கு ஸ்டெம் என்று பெயர். இதில் இரண்டு வகை. பழைய வகையில் ஸ்டெம் ஃபோர்க் குழாய்க்குள் இறங்கும். அதில் கோடு கோடாக ஒரு குறியும், குறைந்தபட்சம் இவ்வளவு உள்ளே போக வேண்டும் என்று எழுத்தும் இருக்கும். அந்தக் குறி வெளியே தெரியவே கூடாது. சீட் போஸ்டிலும் இதே குறி உண்டு, அங்கேயும் இதே விதிதான். உயரம் போதவில்லை என்றால் நீளமான போஸ்ட் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான், குறியைத் தாண்டி இழுக்கக் கூடாது.

புது வகையில் ஸ்டெம் ஃபோர்க் குழாயை வெளியிலிருந்து கவ்விப் பிடிக்கும். மேலே ஒரு மூடி, அதன் நடுவில் ஒரு போல்ட். பக்கவாட்டில் இரண்டு போல்ட். மேல் போல்ட்டின் வேலை ஸ்டெம்மைப் பிடித்து வைப்பது என்று பலர் நினைத்துக்கொண்டு அதை முழுபலத்தோடு முறுக்குகிறார்கள். அது பேரிங்கின் ஆட்டத்தை எடுப்பதற்கு மட்டும் உள்ள போல்ட். அதிகம் முறுக்கினால் ஹேண்டில் திரும்பவே கனக்கும், பேரிங்கும் சீக்கிரம் தேயும். வரிசை இப்படி (முன் சக்கரத்தை மாட்டிய பிறகு இதைச் செய்யுங்கள், அதை மாட்டும் விதம் கீழே வருகிறது): பக்கவாட்டு போல்ட் இரண்டையும் தளர்த்துங்கள். மேல் போல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு (பிரேக்கைச் சரிசெய்த பிறகு இதை இன்னொரு முறை பார்க்க வேண்டும்) சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டினால் ஃபோர்க்கின் கழுத்தில் லொடலொடப்பு தெரியக் கூடாது. அதே சமயம் முன் சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்டில் தன் பாரத்திலேயே ஒரு பக்கம் சாய வேண்டும். இரண்டும் சரி என்றால் மேல் போல்ட்டை விட்டுவிடுங்கள். ஸ்டெம்மை முன் சக்கரத்தோடு நேராக்கி, பக்கவாட்டு போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

எவ்வளவு இறுக்குவது? இதற்குப் பட்டறையில் ஒரு விடை உண்டு: "உடையும் வரைக்கும் முறுக்கு, அப்புறம் கால் சுற்று பின்னால் வா." ஜோக்கில் நகைச்சுவை எவ்வளவோ அவ்வளவு உண்மையும் இருக்கிறது. கைக்கு அந்த எல்லை தெரிவதில்லை. ஸ்டெம்மிலேயே 5 என்.எம்., 6 என்.எம். என்று எழுதியிருப்பார்கள், நியூட்டன் மீட்டர் என்ற அளவு அது. டார்க் ரெஞ்ச் இருந்தால் அந்த எண்ணை வைத்து 'டக்' என்று ஒலி வந்ததும் நிறுத்திவிடலாம். இல்லாதவர்கள் இப்படிக் கணக்குப் போடலாம்: 10 செ.மீ. நீளமுள்ள எல்-கீயின் நுனியில் சுமார் 5 கிலோ பாரத்தைத் தொங்கவிட்டால் ஏற்படும் முறுக்குதான் 5 என்.எம். இரண்டு விரலும் கட்டைவிரலும் கொடுக்கும் அழுத்தம் போதும், உள்ளங்கையால் தள்ள வேண்டியதில்லை. ஹேண்டில்பாரைப் பிடிக்கும் முன் தகட்டின் நான்கு போல்ட்டையும் குறுக்குக் குறுக்காக, ஆளுக்குக் கால் சுற்று என்று இறுக்குங்கள். மேலே உள்ள இடைவெளியும் கீழே உள்ள இடைவெளியும் சமமாக இருக்க வேண்டும். மேலே மூடியும் கீழே வாய் பிளந்தும் இருந்தால் தளர்த்திவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

சுத்தியலுக்கு இந்த வேலையில் எங்கேயும் இடமில்லை. "சுத்தியலைக் கையில் எடுத்தால் பக்கத்தில் இருப்பதிலேயே விலை கூடிய பாகத்தைத் தானாகத் தேடிப் போகும்" என்பார்கள். சைக்கிளில் ஒன்று உள்ளே போக மறுக்கிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்: பிளாஸ்டிக் மூடி கழற்றப்படவில்லை, போல்ட் தளர்த்தப்படவில்லை, மரை கோணலாக ஏறிவிட்டது, அல்லது பாகம் தலைகீழாக இருக்கிறது. தட்டினால் இந்த நான்கில் எதுவும் சரியாகாது.

சக்கரம் மாட்டும்முன் ஃபோர்க்கின் இரண்டு காலுக்கும் நடுவே இருக்கும் பிளாஸ்டிக் தாங்கியை எடுத்துவிடுங்கள். டிஸ்க் பிரேக்கின் வாய்க்குள் ஒரு பிளாஸ்டிக் அல்லது அட்டைத் துண்டு இருக்கும், அதையும் எடுங்கள். ஹைட்ராலிக் பிரேக் (கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தில் இயங்குவது) என்றால், தகடு உள்ளே இல்லாத நேரத்தில் பிரேக் லீவரை அமுக்கவே கூடாது. தகட்டைக் கவ்வும் பேடுகள் இரண்டும் ஒட்டிக்கொண்டு திறக்க அடம்பிடிக்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் முதலிலேயே சொல்லி வையுங்கள், லீவரைப் பார்த்ததும் கை நேராக அங்கேதான் போகும்.

நட் வைத்த அச்சு என்றால் 15 மி.மீ. ஸ்பானரால் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இறுக்க வேண்டியதுதான். நாக்கு போல நீட்டியிருக்கும் வாஷர் வந்திருந்தால், அந்த நாக்கு ஃபோர்க்கில் உள்ள துளையில் உட்கார வேண்டும். நட் தளர்ந்தாலும் சக்கரம் கழன்று விழாமல் பிடிப்பது அந்த வாஷர்தான். "பூட்டி முடிச்சப்புறம் மிஞ்சுறது கம்பெனி கொடுத்த போனஸ்" என்று ஒரு ஜோக் உண்டே, அது இந்த வாஷருக்குப் பொருந்தவே பொருந்தாது. மிஞ்சலாம் என்றால் அது பிளாஸ்டிக் மூடியும் தாங்கியும் மட்டும்தான். உலோகத்தில் எது மிஞ்சினாலும் அதன் இடத்தைக் கண்டுபிடிக்காமல் சைக்கிளில் ஏறாதீர்கள்.

குவிக் ரிலீஸ் லீவர் வைத்த அச்சுக்கு இன்னும் கவனம் தேவை. இத்தாலியின் டூலியோ காம்பாக்னோலோ 1930-களில் கொண்டுவந்த அமைப்பு இது. லீவரின் அடியில் முட்டை வடிவ உருளை ஒன்று உண்டு, லீவரை மடிக்கும்போது அதுதான் சக்கரத்தை நெருக்கிப் பிடிக்கிறது. லீவரையே பிடித்துச் சுற்றிச் சுற்றி இறுக்குகிறவர்கள் அதை நட்டாக நினைத்துவிடுகிறார்கள். அப்படி இறுக்கினால் பிடிப்பு போதாது. எதிர்ப் பக்கத்து நட்டைக் கையால் திருகி, லீவர் அச்சோடு நேர்கோட்டில் வெளியே நீட்டி நிற்கும் இடத்தில் எதிர்ப்பு தொடங்கும்படி வையுங்கள். பிறகு உள்ளங்கையால் அழுத்தி மடியுங்கள். உள்ளங்கையில் ஒரு தடம் பதிந்தால் இறுக்கம் சரி. கூம்பு வடிவ ஸ்பிரிங் இரண்டு இருக்கும், அவற்றின் குறுகிய பக்கம் சக்கரத்தைப் பார்த்து இருக்க வேண்டும்.

பெடலைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். பெட்டிச் சைக்கிளில் மீட்க முடியாத சேதம் அதிகம் நடப்பது இங்கேதான். வலது பெடல் மற்ற போல்ட்டுகளைப் போல வலப்பக்கம் திருப்பினால் இறுகும். இடது பெடல் எதிர்மரை, இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். அச்சின் முனையில் 'எல்', 'ஆர்' என்று ஆங்கில எழுத்து பொறித்திருக்கும். எழுத்து தெரியவில்லை என்றால் மரையைக் கண்ணுக்கு நேராக நிமிர்த்திப் பிடியுங்கள்: மரைக்கோடுகள் வலப்பக்கம் ஏறினால் வலது பெடல், இடப்பக்கம் ஏறினால் இடது பெடல்.

எதற்கு இந்த எதிர்மரை? மிதிக்கும்போது நம் பாரம் பெடல் அச்சின் மேல் ஒரே இடத்தில் நிற்பதில்லை, கிராங்க் (பெடல் பூட்டும் கை) சுற்றச் சுற்ற அந்த அழுத்தமும் அச்சைச் சுற்றி வருகிறது. கிராங்க் துளைக்கும் அச்சுக்கும் நடுவே மிக மிக மெல்லிய இடைவெளி உண்டு. சுற்றிவரும் அழுத்தம் அச்சை அந்த இடைவெளிக்குள் எதிர்த்திசையில் துளித்துளியாக உருட்டிக்கொண்டே இருக்கும். இடது பெடலுக்குச் சாதாரண மரை வைத்தால் அந்த உருட்டலே அதைக் கழற்றிப் போட்டுவிடும். எதிர்மரை இருப்பதால் மிதிக்க மிதிக்க அது இறுகிக்கொள்கிறது.

கிராங்க் பெரும்பாலும் அலுமினியம், பெடல் அச்சு ஸ்டீல். கோணலாக ஏற்றினால் ஸ்டீல் அலுமினியத்தைச் சீவிக்கொண்டே உள்ளே போகும். நமக்கு அது கொஞ்சம் டைட்டாக இருப்பதாகத்தான் தெரியும். ஸ்பானரை வைத்து இன்னும் பலம் கொடுப்போம். மரை போய்விட்டது என்பது பெடல் ஒருநாள் கிராங்கோடு சேராமல் ஆடும்போதுதான் தெரியவரும். அதனால் மரையில் கிரீஸ் தடவுங்கள், ஸ்பானரைத் தூர வையுங்கள். பெடலைத் துளையில் நேராகப் பிடித்து, முதலில் கழற்றும் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். ஒரு இடத்தில் 'டக்' என்று சின்னதாக ஒரு இறக்கம் விரலுக்குத் தெரியும். மரையின் வாய் அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து இறுகும் திசையில் விரலாலேயே திருப்புங்கள். குறைந்தது நான்கைந்து சுற்று விரலாலேயே ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் நிறுத்திக் கழற்றி மறுபடி. கடைசியில் மட்டும் ஸ்பானர். ஸ்பானரை மேல்நோக்கி வைத்து முன் சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இரண்டு பெடலுமே இறுகும், இதை மட்டும் நினைவு வைத்தால் வலம் இடம் குழப்பம் வராது. இங்கே பலம் கொடுக்கலாம்: 35 முதல் 40 என்.எம். தேவை, அதாவது 20 செ.மீ. ஸ்பானரின் நுனியில் ஏறக்குறைய 20 கிலோ பாரம்.

பிரேக்குக்கு வருவோம். பட்டறையில் இன்னொரு பேச்சு உண்டு: "நகர வேண்டியது நகரலையா, ஸ்ப்ரே அடி. நகரக் கூடாதது நகருதா, டேப் ஒட்டு." தயவுசெய்து அந்த ஸ்ப்ரேயைப் பிரேக் பக்கம் கொண்டுபோக வேண்டாம். டிஸ்க் தகட்டிலோ ரிம்மிலோ ஒரு தூவல் எண்ணெய் பட்டாலும் பிரேக் பிடிப்பு விழுந்துவிடும். பேடு எண்ணெயை உறிஞ்சிக்கொண்டால் பெரும்பாலும் புதுப் பேடுதான் போட வேண்டியிருக்கும். தகட்டை வெறுங்கையால் தொடுவதையும் தவிருங்கள். பட்டுவிட்டால் ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த சுத்தமான துணியால் துடைத்துவிடலாம்.

டிஸ்க் தகடு ஒரு பக்கம் உரசினால் காலிப்பரின் (பேடுகள் உட்கார்ந்திருக்கும் பாகம்) இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, பிரேக் லீவரை அமுக்கிப் பிடித்துக்கொண்டே போல்ட்டை இறுக்குங்கள், பெரும்பாலும் தானாக நடுவில் வந்து உட்காரும். ரிம் பிரேக் என்றால் கட்டை முழுவதும் ரிம்மின் மேல் மட்டும் பட வேண்டும். டயரில் உரசினால் டயரின் பக்கச்சுவர் கிழியும், ரிம்முக்குக் கீழே இறங்கினால் கம்பிக்குள் போய்ச் சிக்கும். ரிம்முக்கும் கட்டைக்கும் 1 முதல் 2 மி.மீ. இடைவெளி போதும். கேபிளைப் பிடிக்கும் போல்ட்டை இறுக்கியதும் லீவரைப் பலம் கொண்ட மட்டும் பத்துப் பதினைந்து முறை அமுக்கிப் பாருங்கள். வழுக்குவதாக இருந்தால் வீட்டு வாசலிலேயே வழுக்கட்டும். புது டிஸ்க் பேடு முதலில் அவ்வளவாகப் பிடிக்காது. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் ஓரளவு வேகமெடுத்து, நடை வேகத்துக்கு இறங்கும் வரை சீராகப் பிரேக் போடுங்கள். இருபது முறை செய்தால் பிடிப்பு வந்துவிடும்.

கியர் தொழிற்சாலையில் சரிசெய்தே வரும். அதில் 'ஹெச்', 'எல்' என்று குறித்த இரண்டு சின்னத் திருகுகள் செயின் இரு பக்கமும் எல்லை தாண்டாமல் தடுக்கின்றன, அவற்றில் கை வைக்காதீர்கள். கியர் ஒழுங்காக விழவில்லை என்றால் பெரும்பாலும் கேபிளின் இழுப்புதான் காரணம். கேபிள் போய்ச் சேரும் இடத்தில் ஒரு குமிழ் இருக்கும். செயின் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் குமிழை இடப்பக்கம் கால் சுற்று, இறங்கத் தயங்கினால் வலப்பக்கம் கால் சுற்று. ஒவ்வொரு கால் சுற்றுக்கும் பெடலைக் கையால் சுற்றிப் பாருங்கள். அதற்கு முன்னால் பின்பக்கம் குனிந்து, கியரின் இரண்டு குட்டிச் சக்கரங்களும் பல்சக்கரத்துக்கு நேர்க்கீழே நிற்கின்றனவா என்று கவனியுங்கள். உள்பக்கம் சாய்ந்திருந்தால் கொக்கி வளைந்திருக்கிறது. அப்படியே ஓட்டினால் கியர் சக்கரக் கம்பிக்குள் மாட்டிச் சுக்குநூறாகும். இதை மட்டும் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள், நிமிர்த்துவதற்கு அவரிடம் தனி அளவுகோல் இருக்கும்.

அந்த எல்லைத் திருகுகளைத் தொட்டே ஆக வேண்டிய நாள் வந்தால், திருப்புளியின் மூக்கைப் பாருங்கள். ஜப்பானியக் கியர்களில் வரும் திருகுகளுக்கு ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தர அளவு. பார்க்க ஸ்டார் திருப்புளிக்கு உரியது போலவே இருக்கும், ஆனால் சாதாரண ஸ்டார் மூக்கு அதில் முழுசாக உட்காராது. திருப்பினால் நழுவி மேலே வந்து தலையைச் சுரண்டும். "திருகு திருப்புவதைத் தவிர எல்லா வேலைக்கும் ஆகும் திருப்புளி" என்று பட்டறையில் ஒன்றை உளியாகவும் நெம்புகோலாகவும் வைத்திருப்பார்கள். அது மூக்கு மழுங்கினது, இதற்கு ஆகவே ஆகாது.

டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் காற்றளவைப் பார்த்துப் பாதி காற்று ஏற்றுங்கள். ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே உயரத்தில் தெரிகிறதா என்று சுற்றிப் பார்த்துவிட்டு மீதியை ஏற்றுங்கள். சீட் உயரத்துக்கு, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும்.

முதல் ஓட்டம் பக்கத்திலேயே, மெதுவாக, ஹெல்மெட்டோடு. சக்கரக் கம்பிகளிலிருந்து 'டிங் டிங்' என்று ஒலி வந்தால் பயப்பட வேண்டாம், முறுக்கிக் கிடந்த கம்பிகள் தம் இடத்தில் அமர்கின்றன. புதுச் சைக்கிளில் கேபிளும் கொஞ்சம் தளரும், கம்பியும் தளரும், போல்ட்டுகளும் அமர்ந்து தளரும். 50 கி.மீ. ஓடியதும் ஸ்டெம், ஹேண்டில், சீட், பெடல், கிராங்க் போல்ட் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பாருங்கள், கியர்க் குமிழையும் கால் சுற்று திருப்ப வேண்டியிருக்கலாம். சக்கரத்தைச் சுற்றவிட்டு ரிம் பிரேக் கட்டைக்கு நடுவில் இடமும் வலமும் அலைகிறதா என்று கவனியுங்கள். அலைந்தால் கோட்டம் எடுக்க வேண்டும். அதற்குக் கை பழக வேண்டும், முதல் முறை நண்பரின் பட்டறையில் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கம்பியின் நிப்பிளை (ரிம்மில் கம்பியை இறுக்கும் சின்ன நட்) கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் அவர் திருப்பவே மாட்டார்.